வேகாஸ் அண்ணிக்கு ஒரு பட்டுப்புடவை

மே 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி துவைக்க பேஸ்மென்ட்டுக்கும் மாடிக்குமாக நடை. சோப்புத்தூள் தீர்ந்தது. வாங்க: சோப்புத்தூள், டயப்பர், கறிவேப்பிலை, வசம்பு (இங்கே கிடைக்காது, அம்மாவிடம் சொல்ல வேண்டும்).

மத்தியானம் டெக்ஸாஸிலிருந்து போன். வசந்தா அண்ணி, சேகரின் அக்கா. ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனியில் பெரிய வேலை, பெரிய வீடு, பெரிய குரல். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

"பாப்பாவுக்குப் பேர் வைக்கிறதை மெமோரியல் டே லாங் வீக்கெண்ட்ல வச்சிடுங்கடா. எனக்கு லீவு போட வேண்டியிருக்காது பாரு. அத்தைதானே மடியில வச்சு காதுல பேர் சொல்லணும்? நான் இல்லாம எப்படி?"

"சரிக்கா," என்றார் சேகர். வேறென்ன சொல்லத் தெரியும் என் வீட்டுக்காரருக்கு.

குழந்தைக்குச் சர்டிபிகேட்டில் யாழினி என்று பெயர் இருக்கிறது. ஆனாலும் அத்தை வந்து காதில் சொல்லும்வரை வெறும் 'பாப்பா'தான். மாமியார் உத்தரவு.

பிப்ரவரியிலும் இந்த அத்தைதான் வருவதாக இருந்தது. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. எனக்கோ பெட் ரெஸ்ட். "நான் வரேன் சுதா, ரெண்டு வாரம் கூட இருக்கேன், நீ நிம்மதியா படு" என்றாள். நம்பினேன். வருவதற்கு முந்தின நாள் போன்: "ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கும்மா, மேனேஜர் விடமாட்டேங்கறான்." அந்த வாரமே வலி வந்தது. வெளியே பனி. சேகர் மன்ஹாட்டனில், ரயில் ஓடவில்லை. ஐந்து வயது மதுவை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்போது நைட் ட்யூட்டி முடிந்து வந்தாள் கீழ்வீட்டு தெஸ். மீதி பிறகு.

பாப்பா அழுகிறாள்.

மே 10, புதன்

வெயில். வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம். பாங்க்கில் என் நாற்காலியை யாரோ மாற்றிவிட்டிருக்கிறார்கள். முதுகு வலி.

விட்ட இடம். தெஸ் நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரி. அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வேனில் அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டு என்னைப் படுக்க வைத்தாள், மதுவை முன்சீட்டில் உட்கார வைத்தாள். சேகர் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் என் கையை விடவில்லை. அப்புறம் நான் வீடு திரும்பும்வரை மது அவள் வீட்டில்தான்.

ஒரு மாதம் கழித்து, ரிச்சர்ட்சனிலேயே இருக்கும் என் கல்லூரித் தோழி ஆல்பம் ஒன்றை ஈமெயிலில் அனுப்பினாள். "எங்க லாஸ் வேகாஸ் ட்ரிப், பாரு." நீரூற்று முன்னால் கூலிங்கிளாஸோடு வசந்தா அண்ணி. படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி. என் பிரசவ வாரம். ரிலீஸாம் ரிலீஸ்!

சேகரிடம் காட்டினேன். "விடு சுதா. அக்காதானே." விட்டேனா? விடவில்லை. விடவும் மாட்டேன். (இனி அவளை வ. என்று எழுதினால் போதும். முழுப் பெயருக்கு மை வீண்.)

மே 13, சனி

மறுபடி மழை. மதுவைக் கூட்டிக்கொண்டு சர்ச் பேஸ்மென்ட்டுக்குப் போனேன். சனிக்கிழமை தோறும் அங்கே தெஸ் வயசானவர்களுக்கு இலவசமாக பிரஷர், சுகர் பார்க்கிறாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி. பகலில் கராஜில் வியாபாரம். இங்குள்ள பிலிப்பைன்ஸ்காரர்கள் ஊருக்கு அனுப்பும் சோப்பு, ஷூ, சாக்லேட், டின் கறி எல்லாவற்றையும் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவது. அதற்கு நடுவில் இது.

"எப்பதான் தூங்குவே?" என்று கேட்டேன்.

"ரெட் சிக்னலில்," என்றாள். சிரித்தபடியே ஒரு தாத்தாவின் கையில் பட்டையைச் சுற்றினாள்.

அங்கே உதவிக்கு வரும் சின்னப் பெண்கள் எல்லோரும் அவளை "ஆத்தே தெஸ், ஆத்தே தெஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மதுவும் "அத்தே, அத்தே" என்று அவள் பின்னாலேயே. பிப்ரவரியிலிருந்தே இப்படித்தான். குழந்தை தானாகவே உறவு முறை வைத்துவிட்டது என்று நினைத்து நான் திருத்தவில்லை. இன்று கேட்டுப் பார்த்தேன். தெஸ் சொன்னாள், ஆத்தே என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. தன்னைவிடப் பெரியவள் யாராக இருந்தாலும் ஆத்தே. "உன் பெண் எவ்வளவு அழகாக உச்சரிக்கிறாள்!" என்று பெருமை வேறு.

நானும் சிரித்தேன். எங்கள் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஏனோ சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்போது மதுவிடம், "தெஸ் உனக்கு யாரு?"

"அத்தை. Duh, அம்மா."

"அப்ப டெக்ஸாஸ்ல இருக்கிறது?"

யோசித்தாள். "தி லேடி ஆன் தி போன்."

ராஜாத்தி. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

மே 19, வெள்ளி

புழுக்கம். ரயிலில் நின்றபடியே வந்தேன். பாப்பா கவிழ்ந்துவிட்டாளாம், பகலில் அவளை வைத்துக்கொள்ளும் தெஸ்தான் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. அழுகை வந்தது.

ஊரிலிருந்து வந்தவர் கையில் அம்மா பார்சல் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். வசம்பு, வெள்ளிக் கொலுசு, மெரூன் பட்டு. காஞ்சிபுரம், நல்ல கனம். போனில்: "நாத்தனாருக்கு வச்சுக் குடுடி. குறை சொல்லாத மாதிரி பாத்து எடுத்தேன். ஜரிகை தடிமனா இருக்கா?"

"இருக்கும்மா."

பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கூலிங்கிளாஸுக்கு மெரூன் பொருந்தாது.

கீழே போய் தெஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். ஃபங்ஷனுக்குக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆடினாள். "நான் அங்கே என்ன செய்யணும், சிஸ்?"

"உன்னைக் கூப்பிடுவாங்க. வந்து பாப்பாவை மடியில வச்சு, காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். அவ்வளவுதான்."

"யாலினி," என்றாள்.

"யா...ழினி."

"யார்ர்லினி."

பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே பயிற்சி. வ.வுக்கு மட்டும் 'ழ' வருமா என்ன? "யாளினின்னு ஒரு பேரா, நியூமராலஜி பாத்தீங்களா" என்றவள்தானே.

மதுவுக்கும் சொல்லியாகிவிட்டது. மந்திரம் சொல்லும் வாத்தியார் அத்தையைக் கூப்பிட்டால் நீயும் சத்தமாகக் கூப்பிட வேண்டும். "ரியலி லவுட்?" ஆமாம் செல்லம். ரியலி லவுட்.

சேகருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் காய்ச்சல் வந்துவிடும்.

மே 27, சனி

வ. வந்திறங்கினாள். இரண்டு பெட்டி. முடிக்குப் புது டை. மூன்று வருஷமாக முப்பத்தெட்டு வயது. பாப்பாவைத் தூக்கி, "அப்படியே எங்க அம்மா ஜாடை" என்றாள். என் வீட்டு ஜாடை ஒன்றுகூட ஒட்டாது போலிருக்கிறது.

சமையலறைக்கு வந்து என் தோளில் கை போட்டாள். "அப்ப வர முடியலைன்னு எவ்வளவு ஃபீல் பண்ணேன் தெரியுமா. அந்த ரிலீஸ் மட்டும் இல்லைன்னா..."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, கண்ணீருக்குக் காரணம் இருந்தது. "பரவாயில்லை அண்ணி" என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாளை: பூ (தெஸ் எடுத்து வருவாள்), தாம்பாளம், தேன், பாப்பாவுக்கு மாற்று டிரஸ், சாம்பார் ஆளுக்கு மறுபடி போன்.

மே 28, ஞாயிறு

நல்ல வெயில். ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

கம்யூனிட்டி ஹால் நிறைந்தது. வ. முன்வரிசையில், பச்சைப் பட்டு, காமிரா சேகரின் நண்பர் கையில். வாத்தியார் மந்திரம் முடித்து நிமிர்ந்தார். "குழந்தையோட அத்தை யாரு? முன்னாடி வாங்கோ."

வ. முந்தானையைச் சரி செய்தபடி எழுந்தாள்.

மது நாற்காலி மேல் ஏறி நின்றாள். "அத்தே! அத்தே! கம் ஆன்!"

கடைசி வரிசையிலிருந்து தெஸ். மெரூன் பட்டு, தலையில் மல்லிகை, காலில் நர்ஸ் ஷூ. "எக்ஸ்க்யூஸ் மி, எக்ஸ்க்யூஸ் மி" என்று வழி விலக்கிக்கொண்டு நேராக மணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பாப்பாவை அவள் மடியில் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

பின்னால் ஒரு ஆன்ட்டி: "யாருடி இது? சேகருக்கு இப்படி ஒரு அக்காவா? கேள்விப்பட்டதே இல்லையே."

வ. பாதி எழுந்தவள் பாதியிலேயே நின்றாள். முகம் சிவந்து, பிறகு வெளுத்து, கண் நிறைந்தது. நான் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன். பனியில் வாசற்படியில் அழுதவளுக்கு இது பாயசம்.

தெஸ் முதல் தடவை சொன்னாள். "யாலினி." பிறகு தலை தூக்கினாள். எத்தனை நோயாளிகளைப் பார்த்தவள், நின்றுகொண்டிருப்பவளைப் பார்க்கமாட்டாளா? என்னிடம் மெல்ல, "அந்தம்மா யாரு? ஏன் அழறாங்க?"

"சேகரோட அக்கா."

"என்னைவிடப் பெரியவங்களா?"

யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன்: "பத்து வயசாவது."

தெஸ் பாப்பாவோடு எழுந்தாள். எனக்குப் புரிவதற்குள் வ.விடம் போய்விட்டாள். குனிந்து, சபை முழுக்கக் கேட்க, "ஆத்தே, ப்ளீஸ். யூ சே இட்," என்று குழந்தையை நீட்டினாள்.

வ.வின் காதில் விழுந்தது "அத்தே." ஓவென்று அழுதாள். மணைக்குப் போகவே இல்லை, அங்கேயே உட்கார்ந்து, தெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, காதில் மூன்று தடவை. "யாளினி, யாளினி, யாளினி."

கைதட்டல். ஆன்ட்டிகள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒவ்வொருவராக வந்து, "என்ன அழகா ப்ளான் பண்ணியிருக்கே சுதா! பிரசவத்துக்கு ஹெல்ப் பண்ணவளுக்கும் மரியாதை, நாத்தனாருக்கும் மரியாதை. யாருக்கு வரும் இந்தப் பெரிய மனசு!"

சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. கடவுளே.

மே 29, திங்கள்

விடுமுறை. மிச்ச வடையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். தெஸ் கராஜில், பெட்டிகளுக்கு நடுவில். நிமிரவில்லை.

"அது அப்பாவோட சகோதரி செய்ய வேண்டிய சடங்குன்னு நேத்து ஒரு அங்கிள் சொன்னார். நீ ஏன் சொல்லலை, சிஸ்?"

"அவளைவிட நீதான் எனக்கு..."

"பிப்ரவரியில நான் உனக்காக வந்தேன்," என்றாள். "நேத்து நீ என்னை எதுக்குக் கூப்பிட்டே? அவங்க முகத்துல அடிக்கவா?"

வடைப் பாத்திரத்தை நீட்டினேன். வடையை வாங்கிக்கொண்டாள். புடவையைத் திருப்பித் தரவில்லை. "இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இதை வச்சுக்கிறேன்" என்றாள். டேப்பைக் கிழிக்கும் சத்தம் மாடிவரை கேட்டது.

தெஸ் என்மேல் கோபப்பட்டாள். அதற்கும் வ.தான் காரணம்.

ஜூன் 3, சனி

மேகமூட்டம். டயப்பர் தீர்ந்தது.

வ. ஊருக்குப் போகவில்லை. புதன்கிழமை காப்பி குடிக்கும்போது சொன்னாள்: "ஒரு மாசம் லீவு கேட்டேன், குடுத்துட்டாங்க. உனக்கு ஒத்தாசையா இருக்கேன் சுதா. நீ என்னை எவ்வளவு பெருமைப்படுத்திட்டே!" பிப்ரவரியில் கிடைக்காத லீவு. சேகருக்கு வாயெல்லாம் பல்.

இன்று காலை தெஸ்ஸோடு சர்ச்சுக்கும் போய்விட்டு வந்தாள். நம்பர் கூப்பிடுவது, நாற்காலி போடுவது எல்லாம் செய்தாளாம். இப்போது கராஜில் இரண்டு பேரும் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறார்கள். சிரிப்புச் சத்தம். என் தெஸ். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை, அவளோடு சிரிக்கிறாள்.

வ. மூச்சு வாங்க மேலே வந்தாள், தண்ணீர் குடிக்க. கண் பளபளவென்று. "பாவம் தெஸ், வாய்க்கு வாய் என்னை அத்தே, அத்தேங்கறா. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி, நீங்கதான் அத்தைன்னு விட்டுக்குடுத்தாளே, அதை நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன் சுதா."

தலையாட்டினேன். இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

வேகாஸ் பற்றி இன்னும் கேட்கவில்லை. ஆத்தே என்றால் 'என்னைவிட வயசானவளே' என்று அர்த்தம் என்பதையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு மாதம் இருக்கிறது.