மகளின் முகத்துக்கு நீதி கேட்டுச் சாந்தமலை அரசி விடுத்த ஓலை

முகில் தங்கும் சாந்தமலைக்கும் அதன் கணவாய்களுக்கும் உரிமை பூண்டு, சந்தனக் காடு காத்து, வில்லோர் படை நடத்தும் ஆரணங்கு மாதேவியாகிய யாம், ஆழித்துறை நாட்டை ஆளும் கடம்பவேலருக்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டுக் கழனிகள் விளைக. உம் குடிகளின் கலங்கள் நலமே கரை சேர்க. உமக்கு மட்டும் எம்மிடம் வாழ்த்து இல்லை.

எம் ஒரே மகள் நறுவீ நங்கையை உமக்கு மணமுடித்துத் தந்தோம். அவளைப் பட்டத்தரசியாக அமர்த்தும் விழாவுக்கென, எம் மலையில் வாலை என்னும் வடிகலத்திலிட்டு வடித்த சந்தனத் தைலத்தை வெள்ளிச் சிமிழில் அனுப்பினோம். பின்னர் மூடுபல்லக்கில் அவளைத் திருப்பி அனுப்பினீர். கூடவே, அவள் மேனிக்குச் சந்தனம் ஒவ்வவில்லை என்று எழுதியும் விட்டீர். சந்தனக் காட்டில் பிறந்து, அதன் நிழலில் நடை பயின்றவளைப் பற்றியா அப்படி எழுதினீர்?

பல்லக்கின் திரையை யாமே விலக்கினோம். அவள் கன்னங்கள் கருகி வெடித்திருந்தன. வலக்கண் திறக்கவில்லை. எம்மைக் கண்டதும், "அம்மா, கிட்ட வராதே, பயந்துபோவாய்" என்றாள். பெற்ற தாயிடம் ஒரு மகள் சொல்லும் சொல்லா அது?

விழா நாளன்று நடந்ததை அவள் தோழி ஆவுடை எமக்குரைத்தாள். சந்தனத் தைலத்தைத் தெய்வத் திருமேனிக்குச் சாத்துவோம். கோடை வெப்பம் தணிக்கவும் மணமகளுக்கு மணமேற்றவும் பூசுவோம். ஆயினும் அதைத் தனியாக மேனியில் இடுவது எம் வழக்கமன்று. சில துளிகளை நல்லெண்ணெயில் கலந்து, முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு பகல் பொறுத்துப் பார்த்து, சிவப்பும் அரிப்பும் காணாவிடில்தான் பூசுவோம். கண்ணருகே கொண்டுசெல்லோம், பச்சிளங்குழவிக்கு இடோம், மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளோம். விழா வேளை வரை உம் தம்பி பொற்கோடன் வசமே இருந்த சிமிழ் கைக்கு வந்ததும், அவ்வழக்கப்படியே ஆவுடை எம் மகளின் கையில் தடவிப் பார்க்க முனைந்தாள். பொற்கோடன் அதைப் பறித்தான். "அரசியின் சடங்கில் சோதனை என்ன வேண்டிக்கிடக்கிறது? நல்ல நேரம் போகிறது, பூசுங்கள்" என்று அதட்டினான். அவன் ஏவிய பணிப்பெண்கள் நல்லெண்ணெய் சேர்க்காமலே அத்தைலத்தை முகமெங்கும் தேய்த்தனர். எம் மகள் எரிகிறது எரிகிறது என்று கதறியபோது, அவன் முரசை ஓங்கி அறையச் சொன்னான்.

பல்லக்கு ஏறுமுன் ஆவுடை அந்தச் சிமிழை மடியில் மறைத்துக் கொண்டுவந்தாள். எம் அரண்மனை மருத்துவர் ஏகாம்பியார் மீந்த எண்ணெயில் ஒரு துளியைத் தம் முழங்கையில் இட்டார். மறுநாள் அவ்விடம் கருத்துக் கொப்புளித்தது. அதில் தோலைப் பொசுக்கும் சேங்கொட்டை நெய் கலந்திருப்பதாக அவர் தெளிந்துரைத்தார். எம் மகள் பட்டமேறினால் அவையில் தன் சொல் செல்லாது என்று அஞ்சியே பொற்கோடன் இதைக் கலந்தான்; அதனால்தான் சோதனையையும் தடுத்தான். அவன் கொடியவன். நீரோ அதை அறிந்தும், தம்பியைக் காக்க மனைவியைத் திரைபோட்டு மூடினீர். எம் சினத்தில் பெரும்பங்கு உமக்கே உரியது.

ஆகவே கட்டளையிடுகிறோம். பொற்கோடனை விலங்கிட்டு எம் தூதரிடம் ஒப்புவிப்பீர். மறுத்தால் எம் கணவாய்கள் அனைத்தும் உமக்கு மூடப்படும். உம் குலத்தில் எவர் மாய்ந்தாலும் அவர் சிதைக்கு எம் மலையின் ஒரு சந்தனச் சிராயும் வாராது. உம் எல்லையாற்றின் அக்கரையில் எம் வில்லோர் இப்போதே பாசறை அமைத்துள்ளனர். ஆணைக்குக் காத்திருக்கின்றனர், பொறுமைக்கு அன்று.

தூதராக எவரை அனுப்புவதென்று அமைச்சர்கள் ஆராய்ந்தனர். "என் முகத்தை மறைத்த அவையில் நானே போய் நிற்கிறேன்" என்றாள் எம் மகள். யாம் தடுத்தோம், அவள் கேட்கவில்லை. இவ்வோலையை உம் அவையோர் செவிகேட்க இப்போது படித்துக்கொண்டிருப்பவள் நறுவீ நங்கையே. முக்காடு இட வேண்டாமென்று அவளே விலக்கிவிட்டாள்.

கடம்பவேலரே, தலையைத் தாழ்த்தாதீர். அவளைப் பார்த்து விடை சொல்லும்.

இவ்வாணைக்கு எம் கைச்சாத்தும் வில் பொறித்த அரசமுத்திரையும் சான்று.