துரோகி என்று சொன்ன பிறகு

ஐயா,

கோட்-டெ-நெய்ஜ் தெருவின் விளக்குக் கம்பங்களில் மறுபடியும் வேட்பாளர்களின் படங்கள் தொங்குகின்றன. ஒன்று ஈரப்பனியில் அவிழ்ந்து பஸ் தரிப்பிடத்தில் கிடந்தது. "வெல்ல முதலே என்ன சிரிப்பு!" என்று சொல்லியிருப்பீர்கள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை.

இந்தக் கட்டிடத்தில் 'போன்ஜூர்' என்ற வணக்கம் தாண்டி என்னோடு கதைத்த ஒரே ஆள் நீங்கள்தான். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்தால் உங்கள் வீட்டில் கேத்தில் கொதித்தபடி இருக்கும். அயர்லாந்தில் சிறையில் இருந்தபடியே நீங்கள் தேர்தலில் வென்ற கதையை அங்கேதான் கேட்டேன். நாட்டைத் துண்டாடி அமைத்த அரசு என்று அதை ஏற்காததால் உங்கள் கட்சியார் வென்றாலும் பாராளுமன்றத்துக்குள் கால் வைப்பதில்லை. விடுதலையாகி வந்த பிறகும் நீங்கள் போகவில்லை. கூரை ஒழுகுகிறது, பென்ஷன் வரவில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் குசினி மேசையிலிருந்தே கடிதம் எழுதிக் கொடுத்தீர்களாம். மனுசன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும் என்று பூரித்துப் போனேன்.

பிறகு ஒரு ஞாயிறு மிச்சத்தையும் சொன்னீர்கள். இனிப் பாராளுமன்றத்துக்குள் போவோமா என்று கட்சி வாக்கெடுத்த நாளில், போவோம் என்று நீங்களும் கை உயர்த்தினீர்கள். உங்கள் தம்பி எழுந்து மண்டபத்தை விட்டே போய்விட்டார். "சண்டையில செத்த பெடியளின்ர செத்தவீடு செத்தவீடாய்ப் போய்க் களைச்சுப் போனன்," என்றீர்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! போரில் செத்த என் அண்ணையின் முகம் கண்ணுக்குள் வந்தது. நாம் ஆங்கிலத்தில்தான் கதைப்போம்; அந்தச் சொல்லை மட்டும் தமிழில் விட்டேன். "துரோகி."

நீங்கள் அர்த்தம் கேட்கவில்லை. "விளங்குது. தம்பியும் இதைத்தான் சொன்னவன்," என்றீர்கள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை என் கதவைத் தட்டினீர்கள். கதவுத் துளையால் பார்த்தேன். கம்பளித் தொப்பி, கையில் துணியில் சுற்றிய, நீங்களே சுட்ட பாண். நான் திறக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் பக்கம் போனீர்கள். போய்க் கதைக்கத்தான் வேணும், பேந்து போவம் என்று பனிக்காலம் முழுக்க எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். மாசியில் ஆம்புலன்ஸ் வந்தது.

செத்தவீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். அவளின் சித்தப்பா, உங்கள் தம்பி, கடைசிவரை உங்களுக்குக் கதவு திறக்கவேயில்லையாம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஊருக்குப் போய்த் தட்டுவீர்களாம். "ஆள் உள்ளுக்க நிக்கிறது அப்பாக்குத் தெரியும். தெரியாத மாதிரி திரும்பி வந்திடுவார்," என்றாள்.

தரை துடைக்கும்போதும் மெட்ரோவிலும் அவள் சொன்னது என்னோடேயே வருகிறது. வெட்கமாக இருக்கிறது. விட்ட சொல்லைத் திருப்பி எடுக்க நினைக்கிறேன், கேட்க நீங்கள் இல்லை.

ஐயா, அன்று நான் உள்ளேதான் நின்றேன்.