கன்னக்குழி தெரியும் படம்

குவைத்
2-12-1983

பாண்டியம்மாளுக்கு உன் அத்தான் அன்போடு எழுதுவது.

தீபாவளிப் படங்கள் வந்தன. உன் மேல் கோபம் இல்லை, கேமரா அனுப்பிய என் மேல்தான். பட்டுப் பாவாடை தெரிகிறது, மத்தாப்புப் பெட்டி தெரிகிறது, கொடியில் காயும் துண்டுகூடத் தெரிகிறது. நம் முப்பிடாதி முகம் மட்டும் கரிச்சட்டி. நான் இங்கே வந்த பிறகு பிறந்த பிள்ளை. சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது என்று நீ எழுதி எழுதியே இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

பொங்கலுக்காவது ஒழுங்காக எடு. வெயில் உன் முதுகில் அடிக்க வேண்டும், அவள் முகத்தில் விழ வேண்டும். கிட்டே போ. அவள் உயரத்துக்குக் குனி. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கு.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். முகம் தெளிவாக ஒரு படம் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடுவேன்.

தவசி

பசுவந்தனை
27-1-1984

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தையும் பிள்ளையும் சுகம். மிளகாய்க் காட்டில் நின்று நான் கறுத்துப் போனேன். அதற்கும் கேமராவைக் குறை சொல்லாதீர்கள்.

பொங்கலன்று நீங்கள் சொன்னபடியே கிழக்கே போய், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றேன். அத்தை அகப்பையோடு வந்துவிட்டார்கள். "ஏட்டி, பானைக்கும் சூரியனுக்கும் நடுவுல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கியே, இன்னைக்குப் போயி இப்படிச் செய்யலாமா?"

சூரியனைக் கும்பிட்டுவிட்டு வடக்குப் பக்கம் ஒதுங்கித் தரையில் உட்கார்ந்தேன். பால் பொங்கியது. குலவைச் சத்தம் கேட்டு முப்பிடாதி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அமுக்கிவிட்டேன்.

கோவில்பட்டி ஸ்டூடியோக்காரர் படத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு கன்னத்தில் வெயில், ஒரு கன்னத்தில் நிழல். குழி அச்சாக விழுந்திருக்கிறது. உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் கண் கூசி முகத்தைச் சுளித்திருப்பாள்.

சட்டம் போட்டு மாட்டியாயிற்று. உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் தள்ளிவிடுவேன் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அப்படித் தள்ள முடியாது அத்தான்.

பாண்டியம்மாள்

குவைத்
16-2-1984

பாண்டியம்மா,

கையெழுத்துப் போடவில்லை. சித்திரை பிறப்பதற்குள் வந்துவிடுவேன்.

நான் வருகிற அன்று அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிடு. முதலில் பிள்ளையைப் பார்க்கிறேன்.

தவசி