சூசை கைவிடாத விமானம்

என் ஆசைத் தம்பி சூசைக்கு,

உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்குகிற கை, உன் பேரை மட்டும் அடித்து அடித்து எழுதுகிறது. இருக்கட்டும், கோணல்மாணலாகவே படித்துக்கொள்.

நீயும் உன் வகுப்புக் காதரும் இன்னும் இரண்டு பயல்களும் சேர்ந்து பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு விமானம் செய்யப்போவதாகச் சொன்னபோது, படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று மட்டும்தான் சொன்னேன். மூங்கிலைச் சீவி, பட்டத்தாள் ஒட்டி, வார்னிஷ் பூசி, சைக்கிள் டியூபைக் கீறி முறுக்கி விசிறியைச் சுழல வைத்தீர்கள். விட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும், அப்படியே வாலடித்து விழும். முன்னால் பாரம் போதவில்லை என்று அய்யாவின் வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டை அறுத்து மூக்கில் கட்டினாய். அதற்கு அடியும் வாங்கினாய்.

அது வடக்கேயிருந்து வாடை வீசுகிற காலம். பாம்பனின் வடகடல் கொந்தளிக்கிறது, தென்கடல் குளம்போலக் கிடக்கிறது என்று எல்லாரையும் தெற்குக் கரைக்குக் கூட்டிப்போனாய். அலை இல்லாத பக்கத்தைப் பார்த்தாயே, காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று ஏன் பார்க்கவில்லை? வாடை அங்கே கரையிலிருந்து கடலுக்கல்லவா வீசும்? விமானம் முதல் தடவையாக ஒழுங்காகப் பறந்தது. பறந்த வாக்கிலேயே போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டது. நீ பாய்ந்துவிட்டாய். கடற்கரைப் பிள்ளையை நீந்தாதே என்று யார் தடுப்பார்கள்?

காதர் நம் வாசலில் நின்று அழுதான். "அவன் அதப் புடிச்சுட்டான்க்கா. ஒத்தக் கையாலதான் நீந்தி வந்தான். விட்டுட்டு வாலேன்னு கத்துனோம். விடல."

ஏலே, ஏன் விடவில்லை? இன்னொன்று செய்ய மூங்கிலா கிடைக்காது? அதைக் கைவிட்டிருந்தால் கரைக்கு வந்திருப்பாய் என்று அய்யாவும் சொல்கிறார், பாம்பன் கடற்கரையே சொல்கிறது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்த வாரம் ஒரு வள்ளமும் மீனுக்குப் போகவில்லை. எல்லாம் உன்னைத்தான் தேடின. தனுஷ்கோடிக்குப் போய்த் தலைமன்னார் கப்பல்காரர்களிடம்கூட அய்யா சொல்லிவைத்தார். நீ வரவில்லை. விமானம் மட்டும் குருசடைத் தீவில் ஒதுங்கிக் கிடந்தது. தாளெல்லாம் கிழிந்துபோயிருந்தது, மூங்கில் ஒன்றுகூட ஒடியவில்லை. அய்யா அதன் மூக்கிலிருந்த ஈயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உடல் கிடைக்காவிட்டால் உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். அம்மா உன் சட்டையைத் தர மாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அதில் உன் வேர்வை வாசம் இருக்கிறதாம். அந்த விமானச் சனியனையே பெட்டியில் வையுங்கள் என்றாள். உன் கூட்டாளிகள் கெஞ்சினார்கள், உன் பேரைப் போட்டுப் பொருட்காட்சியில் வைக்க வேண்டும், கொடுத்துவிடுங்கள் என்று.

"மொதல்ல பறக்க விட்டுக் காட்டுங்க" என்றாள் அம்மா. "எம்புள்ள எதுக்காகச் செத்தான்னு நான் பாக்கணும்."

புதுத் தாள் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று காதர் விட்டான். சூசை, அது பறந்ததடா! பனைமரத்துக்கு மேலே ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, பெரிய வட்டம் போட்டு, அலுங்காமல் மணலில் வந்து இறங்கியது. அந்த ஒரு நிமிஷம் நீ செத்ததையே மறந்துபோனேன்.

அம்மா அது இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்கா போனான்?"

பயல்கள் அதன்பிறகு விமானத்தைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அடக்கம். இறக்கை இடித்துப் பெட்டி மூட மறுத்தது. தச்சர் பெரிய பெட்டி செய்து தருகிறேன் என்றார். அய்யா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு இறக்கையையும் தன் கையாலேயே ஒடித்து உள்ளே வைத்தார். அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா கதறினாள். அதுவரை அவள் அழவே இல்லை.

அம்மா இப்போது கடல் பக்கமே போவதில்லை. காதரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். அது எவ்வளவு அழகாகப் பறந்தது என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஒருநாள் சொல்வேன் சூசை. "ஆமாம்மா, இதுக்குத்தான் போனான்" என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அவள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் ஆறாத அக்கா,
ரோசலி