என் பீலியைக் கழற்றச் சொன்ன மகளுக்கு

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றிஷானாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், இந்த மாரியில் சுகம் என்றால் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று அர்த்தம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் சத்தம் போடுவேன், நீ "சரி வாப்பா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிடம் அது உனக்குப் படிப்பித்த ஜெமீலா டீச்சரின் போனில் இருக்கும். கடதாசியை அப்படித் தட்டிவிட ஏலாது, அதனால்தான் உம்மா கட்டிய கருவாட்டுப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன், மணத்தைப் பொறுத்துக்கொள். படம் எடுத்து அவருக்கு அனுப்பினாயோ, பிறகு நான் உன்னோடு கதைக்க மாட்டேன்.

பள்ளிக்கூடக் கூட்டத்தில் நடந்தது நான் வீட்டுக்கு வந்து சேர முந்தியே உனக்குத் தெரிந்திருக்கும், டீச்சர் சொல்லியிருப்பார். இப்போது என் வாயாலும் கேள். டெங்கு கூடிப்போய் மூன்றாம் வகுப்பில், தம்பி ஹஸனின் வகுப்பில்தான், பாதிக் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் கூரைத் தண்ணீரை ஏந்தி ஓடவிடுகிற பீலிக்குள் நுளம்புக் குடம்பி, அதுதான் அந்தப் புழு, இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விளையாட்டுப் போட்டிக்கும் மதிலுக்கும் ஒதுக்கியதையெல்லாம் இதற்குத் திருப்பிப் புது பட்ஜெட் போட வேண்டும் என்று அதிபர் அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டினார். பொருளாளர் கலீலுர் றஹ்மான் ஹாஜியாருக்குப் புகை அடிக்கிற மெசின் ஒன்று வாங்க ஆசை. "சத்தம் கேட்டாத்தான் சனம் நம்பும் அஸீம்" என்றார். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீரில் கிடக்கிற குடம்பி சிரித்துக்கொண்டு கிடக்கும் என்று நான் சொன்னேன். என் திட்டம் வேறு, பீலியைக் கழுவி, திருத்தி, இலை விழாமல் மேலே கம்பி வலை போடுவது. அப்போது டீச்சர் எழும்பி மூன்றாவது ஒரு திட்டத்தை வாசித்தார். பீலிகளை அடியோடு கழற்றுவதாம், கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் சல்லிக் கல் போட்டு ஊறவிடுவதாம், மிச்சக் காசில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு மூடியும் சின்ன வகுப்புகளின் ஜன்னலுக்கு நுளம்பு வலையுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பீலி நான் இனாமாகப் பூட்டியது, நீ ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஏணியைப் பிடித்ததே நீதான். இதைப் போட்டவன் வாழ்க்கையில் ஒரு கூரையில் ஏறியிருக்க மாட்டான், கொழும்பில் ஃபேனுக்குக் கீழே இருந்து கணக்குப் போட்டிருக்கிறான் என்று எல்லாருக்கும் முன்னால் கிழித்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கொழும்புலதான் தம்பி, ஒங்கட மகள்தான் போட்டுத் தந்த" என்றார். மூலைக்கடை அபூதாஹிர் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தபடி "புலிக்குப் பொறந்தது பூனையாகல்ல, வாப்பாவத்தான் கடிச்சிரிக்கி" என்று கத்தினான். கூட்டம் முழுக்கச் சிரித்தது, அதிபரும் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

மகள், அது ஏன் டீச்சரிடம் போனது என்பதுதான் என் கேள்வி. துறைமுகத்தில் பம்பும் குழாயுமாகக் கிடந்து, கையில் கிரீஸ் காயாத ஒருவன் வீட்டில் இருக்கிறேன். அளவும் சாய்வும் பற்றி நீ கதைப்பது விஞ்ஞானம் படிப்பித்தவரோடு. எனக்குப் போன் எடுத்தால் சாப்பிட்டீங்களா, உம்மா எங்கே, முடிந்தது. அவரோடு ஒரு மணித்தியாலம் கதைப்பாயாம், அவரே பெருமையாகச் சொன்னார். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், உன்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினால் உன் கூடப்பிறந்த காக்காவா என்று கேட்கிறார்கள், ஆலோசனை கேட்க மட்டும் நான் கிழவனாகிவிட்டேன் போல. பொறாமையா என்று கேட்டால் ஓம், பொறாமைதான், மறைக்க எனக்குத் தெரியாது. உம்மாவிடம் சொன்னேன், அவள் மீன் வெட்டிக்கொண்டே "ஒங்கட பீலிய கழட்டணும் எண்டு ஒங்கட மொகத்துக்குச் சொல்ல அந்தப் புள்ளைக்கு ஏலுமா? சொல்லியிருந்தா நீங்க ஏணில ஏறி நிண்டு ஏசியிருப்பீங்க" என்றாள். அதோடு விட்டாளா, இல்லை. போன மாதம் ஹஸனுக்குக் காய்ச்சல் வந்தது, இரத்தம் சோதித்துப் பார்த்தோம், டெங்கு இல்லை, உனக்குப் பரீட்சை நடக்கிற நேரம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதை எடுத்துப் போட்டு, "நாம மறைச்சா அக்கற, அவ மறைச்சா குத்தமா?" என்று கேட்டாள். நான் எழும்பி ஏணியைத் தேடப் போனேன்.

அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடக் கூரையில் ஏறினேன், என் பீலியில் தண்ணீர் நிற்காது என்று உனக்கும் டீச்சருக்கும் காட்டத்தான் ஏறினேன். ஹோஸைப் பிடித்தால் முன்கட்டிடத்தில் தண்ணீர் அழகாக ஓடியது. மூன்றாம் வகுப்புக்கு மேலே மட்டும் கடல் காற்றின் உப்பு இரும்பைத் தின்று பீலி தொய்ந்து கிடந்தது, உள்ளே வாகை இலை ஊறிக் கிடந்தது, விரலால் விலக்கினேன், குடம்பிகள் துள்ளின. நேர் கீழே ஹஸனின் கதிரை. சாய்வில் பிழை இல்லை, அது நான் பார்த்துப் பூட்டியது, பிழை உப்புக் காற்றிலும் அதற்குப் பிறகு ஒருவரும் ஏறிப் பார்க்காததிலும்தான். ஆனாலும் ஆள் ஏறாத கூரையில் பீலி இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது. நீ சொன்னது சரி. எழுதிவிட்டேன், இன்னொரு முறை சொல்லச் சொல்லாதே.

மறுபடியும் கூடிய கூட்டத்தில் உன் திட்டத்துக்கே நானும் கை தூக்கினேன். கழற்றுவதற்கு ஹாஜியார் கூலிக்கு ஆள் பார்த்தார். என் பீலியில் வேறு ஒருவன் கை வைக்க ஏலாது என்று நானே கழற்றினேன், அபூதாஹிர் வாய் ஓயாமல் ஏணியைப் பிடித்தான். மிச்சம் பிடித்த கூலியில் இன்னொரு வகுப்புக்கும் வலை அடிக்கலாம் என்றதும் ஹாஜியார் மெசின் ஆசையை விட்டார். "சத்தமே இல்லாத பட்ஜெட்" என்று முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசி. சல்லி போட முந்தி கூரையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பின்கட்டிடத்தில் அது நீ சல்லிக்குக் குறித்த இடத்துக்கு ஒரு அடி அப்பால் விழுந்தது. நீ போன பிறகு அந்தக் கூரையை நீட்டியிருக்கிறார்கள், நீ பழைய அளவில் வரைந்திருக்கிறாய். அப்படியே போட்டிருந்தால் மண்ணில் குழி விழுந்து, தண்ணீர் நின்று, மேலே இருந்த நுளம்பைக் கீழே இறக்கிவிட்டதுதான் மிச்சம். உன் டீச்சர் அதைக் கண்டுபிடித்தாரா? இல்லை. நான் ஒரு சொல் சொல்லாமல் சல்லியைத் தள்ளிப் போட்டேன். பார்க்க வந்த டீச்சர் "அளவெல்லாம் சரிதானே தம்பி" என்று கேட்டார். "ஓம், மகள் போட்ட அளவுதானே" என்றேன்.

உன் உடம்பிலும் படிப்பிலும் அல்லாஹ் பரக்கத்தைத் தரட்டும். உம்மா ஸலாம் சொல்கிறாள். ஹஸன் கப்பல் விடப் பீலித் துண்டு ஒன்று கேட்கிறான், தண்ணீரைத் தேங்க விட்டால் முதுகுத் தோல் உரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் விடுதிக் குசினியில் இருக்கிற ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் தேங்குகிற ஒரு தட்டு இருக்கும், ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை, நீ இழுத்துப் பார்த்துத் தண்ணீரை ஊற்று. அடுத்த முறை கூரை ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் முதலில் என்னிடம் கேள், ஏசினால் ஏசிவிட்டுப் போகிறேன், ஏச்சு முடிந்த பிறகு சரியான அளவு கிடைக்கும். டீச்சருக்குப் பிறகு அனுப்பலாம். சல்லி விசயம் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், அது உனக்கும் எனக்கும் மட்டும்.

இப்படிக்கு,
ஏணியில் இருந்து இறங்கிவிட்ட உன் வாப்பா,
அஸீம்