மஞ்சள் பொட்டு வைத்த பெயர்கள்

2008 பெப்ரவரி 9, சனி
புதுக் கொப்பி. முதல் பக்கத்தில் பெயர் எழுத ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். எழுத மாட்டேன். யுத்தம் நடக்கிற நேரம், பதுளையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கருக்கு அடையாள அட்டை ஒன்றே போதும், வில்லங்கத்துக்கு.

பழைய புத்தக வியாபாரம் பரவாயில்லை. கந்தோர் வேலை முடிந்ததும் ஸரூக்கின் கொமியூனிகேஷன் கடையில் இருந்து இன்டர்நெட்டில் படமும் பட்டியலும் போடுகிறேன். கனடாவிலிருந்தும் கேட்கிறார்கள். இன்று மடுல்சீமை முருகையா ஒரு உரப்பை நிறையக் கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிச் சேர்த்ததாம். இவ்வளவு புத்தகத்தை ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். "படிக்கிறவங்க கொழும்புக்குப் போயிட்டாங்க சேர். பெட்டியில கெடந்து கரையான் திங்குது" என்று சிரித்தார்.

ஏன் சிரித்தார்?

பெப்ரவரி 10
பச்சை அட்டை போட்ட வைத்தியப் புத்தகம் ஒன்று. திறந்தால் முன்பக்கம் முழுக்கப் பெயர்கள்! பக்கத்தில் மாதம், பிறை. வருடம் இல்லை. சில பெயர்களுக்கு மஞ்சள் பொட்டு, சிலவற்றுக்கு இல்லை. கடவுளே, இது என்ன பட்டியல்? தபாலில் பார்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள். இயக்கத்துப் பட்டியல் எண்டு பிடிச்சா, எனக்குத் தெரியாது எண்டா விடுவினமோ? பொட்டு வைச்ச ஆக்கள் ஆர், வைக்காத ஆக்கள் ஆர் எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது?

கிழித்தேன். மற்றப் புத்தகங்களிலும் எழுத்து இருந்த பக்கங்களையெல்லாம் கிழித்து, அடுப்பில் போடு என்று மனைவி ஜெயமலரிடம் கொடுத்தேன். "உங்களுக்கு உங்கட நிழலைக் கண்டாலும் பயம்" என்றாள். பிறகு கேட்டேன். எரித்தாயிற்றாம்.

பெப்ரவரி 12
விற்பனைப் பட்டியலில் புத்தகத்தைப் போட்டாயிற்று. "முன்பக்கம் இல்லை. மற்றப்படி சுத்தம்." எந்த ஊரில் கிடைத்தது என்றும் போடச் சொன்னான் ஸரூக். மடுல்சீமை என்று போட்டேன். போட்டிருக்கக் கூடாதோ?

பெப்ரவரி 20
ஒரு மின்னஞ்சல். நீலகிரி, கூடலூரிலிருந்து, ஜெயலெட்சுமி என்று பெயர். "ஐயா, மடுல்சீமை வைத்தியப் புத்தகத்தின் முன்பக்கம் தானாகக் கிழிந்ததா, யாராவது கிழித்ததா? அதில் பெயர்கள் இருந்தனவா?"

இந்தியாவில் இருப்பவளுக்கு மடுல்சீமைப் பெயர்கள் எதற்கு? பெண்தான் என்று யார் கண்டது? அதே நேரம் பார்த்து ஸரூக் ஃபேனைத் திருப்ப வந்தான். "என்ன சேர், புதுக் கஸ்டமரா?" இத்தனை நாள் திருப்பாத ஃபேன்.

பெப்ரவரி 21
பதில் போடவில்லை.

பெப்ரவரி 27
திரும்பவும் அவள். "எந்த லயத்தில் வாங்கினீர்கள்? கொடுத்தவர் யார்?"

பார், இப்ப ஆளையும் கேக்கிறா! பெயர் எதுவும் இருக்கவில்லை, இனி எழுதவேண்டாம் என்று பதில் போட்டேன். பொய்தான். மடியில் கனம் இருக்கிறவன் வேறு என்ன செய்வான்?

மார்ச் 8, சனி
முருகையா வந்தார். பிடித்துக்கொண்டேன். "அந்தப் பட்டியலை ஆர் உம்மட்டத் தந்தது? என்னை உள்ளுக்குத் தள்ளப் பார்க்கிறீரோ?"

மனிதர் உரப்பையை அப்படியே கீழே வைத்தார். "பட்டியலா? லயத்துல அப்ப ஏது சேர் பத்திரம்? புள்ள பொறந்தா வீட்டுல இருக்குற புஸ்தகத்துல பேர எழுதி மஞ்ச வைப்போம். செத்தாலும் எழுதுவோம். மஞ்ச வைக்க மாட்டோம். அம்புட்டுத்தான். இந்தியாவுக்குப் போனவங்க பெட்டி பாரம்னு அக்கம்பக்கத்துல குடுத்துட்டுப் போனது இதெல்லாம்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பக்கம் எங்க சேர்?"

நான் குனிந்து உரப்பையை அவிழ்த்தேன். அவர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

ஸரூக்கிடம் ஓடினேன். எழுதவேண்டாம் என்ற பிறகும் கூடலூர்க்காரி எழுதியிருக்கிறாள். "கோவிச்சுக்காதீங்க ஐயா. எங்க அம்மா காத்தாயி செத்தப்ப எனக்கு மூணு வயசு. அடுத்த வருசம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டோம். அம்மா செத்த நாள அப்பா சொன்னதே இல்ல. புஸ்தகத்துல இருக்கு, அட்டையில குப்பிலாம்பு வச்ச வட்டம் இருக்கும்னு மட்டும் சொல்லுவாரு. உங்க படத்துல அந்த வட்டம் இருக்கு. இப்ப அப்பாவும் இல்ல. அம்மாவுக்குத் திதி குடுக்க எனக்கு நாள் தெரியல."

என்ர கையாலதானே கிழிச்சன்.

மார்ச் 9
ஜெயமலரிடம் எல்லாம் சொன்னேன். எழுந்து போய், தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பாடக்குறிப்புக் கொப்பியை எடுத்துவந்தாள். உள்ளே பக்கங்கள். அத்தனையும்.

"எரிச்சாச்சு எண்டனீ!"

"ஆரோ பெத்ததும் செத்ததும் மாதிரிக் கிடந்தது. எரிக்க மனம் வரேல்லை. உங்களுக்குச் சொன்னா நீங்கள் நித்திரை கொள்ள மாட்டியள்."

முருகையாவைச் சந்தேகித்தேன், ஸரூக்கைச் சந்தேகித்தேன், முகம் தெரியாத ஒருத்தியைச் சந்தேகித்தேன். பொய் சொன்னவள் இவள் ஒருத்திதான். இவளை மட்டும் நம்பியிருந்தேன். நல்லகாலம்.

பக்கத்தின் கடைசி வரி: "காத்தாயி. ஐப்பசி, தேய்பிறை பஞ்சமி. கொழுந்து நிறுக்கிற நேரம்." பொட்டு இல்லை. அதற்கு மேல் வரியில் மஞ்சள் பொட்டோடு "ஜெயலெட்சுமி". அன்றைக்கே என் கண்ணில் பட்ட பெயர். அவள் மின்னஞ்சலில் தன் பெயரைப் போட்டு எழுதியபோதும் எனக்கு உறைக்கவில்லையே. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10
ஸ்கேன் பண்ணக் கொடுத்தேன். ஸரூக் வாசித்தான். கடையில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்கேனர் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்துப் பக்கத்தை வைத்தான்.

பிறகு புத்தகத்தையும் பக்கத்தையும் பதிவுத் தபாலில் போடப் போனேன். தபால் கந்தோரில் பார்சலைப் பிரித்துப் பார்த்தவர் பக்கத்தைத் தூக்கி, யாருடைய பெயர்கள் என்றார். "பிறந்தவையும் செத்தவையும்" என்றேன். அவர் பக்கத்தைப் பழையபடி மடித்து உள்ளே வைத்தார்.

மார்ச் 15, சனி
பஸ் ஏறி மடுல்சீமைக்குப் போனேன். மற்றப் பக்கங்களை முருகையாவிடம் கொடுத்து, யார் யாருடையது என்று விசாரிக்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "மொதல்ல தேத்தண்ணி குடிங்க சேர்" என்றார். குடித்தேன்.

மார்ச் 29
கூடலூரிலிருந்து ஒரு வரி: "கிடைத்தது ஐயா. ஐப்பசிக்குக் காத்திருக்கிறேன்."

கொப்பியின் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். கோட்டில் என் பெயரை எழுதினேன்: இரகுநாதன். பிறந்தது மாசி, வளர்பிறை. அடுப்படியிலிருந்து ஜெயமலர் மஞ்சள் தொட்ட விரலோடு வந்தாள்.