ராஜவேல் சாரின் நூறு சதவீதம்

ஜனவரி 6, திங்கள்

வருகைப் பதிவேட்டில் என் பேர் இல்லை. "முத்தமிழ்" என்று கூப்பிடவே இல்லை.

டிசம்பரில், வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறையில் சரக்கு வந்து இறங்கியதும் அங்கே படுத்திருந்த எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா, நான், தங்கச்சி சுகன்யா. பாடாலூர் ரோட்டோரம் மூடிக் கிடக்கும் டீக்கடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி உட்காரப் பன்னிரண்டு நாள் ஆனது. அரையாண்டுத் தேர்வு அதில் போனது. அதை வைத்து ஹெச்.எம். ராஜவேல் சார் என்னைப் படிப்பை விட்டவள் என்று எழுதிவிட்டார். பத்தாம் வகுப்பில் ஐந்து வருடமாக அவருக்கு நூறு சதவீதத் தேர்ச்சி.

"வூடு வாசல் இல்லாத புள்ள. நம்ம நூற கெடுத்துடும்" என்று எங்கள் வகுப்பு சத்யப்பிரியா மிஸ்ஸிடம் சொன்னார். நான் கதவுப் பக்கம்தான் நின்றேன். நிற்பது அவருக்குத் தெரியும்.

ஜனவரி 9

மிஸ் சொல்லி அம்மா கல்வி உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். கல்வி ஆபீஸிலிருந்து ஆள் வந்தார்கள். பேர் மறுபடி ஏறிவிட்டது. ராஜவேல் சார் என்னிடம், "சந்தோஷமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 21

முடிவு பண்ணிவிட்டேன். அவர் எடுக்கும் பாடம் சமூக அறிவியல். அதில் நான் பெயிலாவேன். அவருடைய நூறு என் கையால் போகும்.

பாஸானால் பெரம்பலூரில் பதினொன்றில் இடமும் விடுதியும் வாங்கித் தருவதாக மிஸ் சொல்லியிருக்கிறார். கட்டில், ஃபேன், உள்ளே தாழ் போடும் கதவு. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். போகட்டும்.

பிப்ரவரி 17

வகுப்பில் என்னை மட்டும் கேள்வி கேட்பதில்லை. வீம்புக்கென்றே புத்தகம் முழுவதும் படிக்கிறேன். தெரியாமல் பெயிலானால் அது பழி இல்லை, வெறும் பெயில்.

ஏப்ரல் 15

சமூக அறிவியல் பரீட்சை. பத்து மார்க்குக்கு மட்டும் எழுதினேன். மீதியும் தெரியும். கை பரபரத்தது, தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். "நல்லா எழுதுனியா?" என்றாள் அம்மா. தலையாட்டினேன்.

மே 16

சமூக அறிவியல் 10. பள்ளிக்கூடத்திலேயே நான் ஒருத்திதான் பெயில்.

அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் சுகன்யாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சுருங்கவில்லை. "நான் அப்பவே சொன்னன்ல? இதுக்குத்தான் பேர எடுத்தேன்" என்றார் மிஸ்ஸிடம். அப்புறம் சுகன்யாவைப் பார்த்தார். அவள் ஒன்பதாவது முடித்தவள். "நீ டுட்டோரியல்ல படிச்சுக்க பாப்பா. பத்தாவதுக்கு இங்க வேணாம்."

ஐயோ, என்ன பண்ணி வச்சேன்... அந்த ஆளு சொன்னது சரின்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே. எனக்காவது வீம்பு. அவ என்ன பண்ணுனா?

மே 19

மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். துணைத் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தது. சுகன்யா அம்மாவோடு வெங்காயம் நடப் போனாள். அக்கா பெயிலான பிறகு மறுபடி போன் போட அம்மாவுக்கு வாய் வரவில்லை.

ஜூலை 31

துணைத் தேர்வில் 93.

மார்க் தாளைக் கொண்டுபோய் ராஜவேல் சார் மேஜையில் வைத்தேன். பக்கத்தில் சுகன்யா. அவர் எடுத்துப் பார்த்தார்.

"இத ஏப்ரல்லயே எழுதியிருக்கலாம்ல?"

"அப்பவும் தெரியும் சார். உங்க நூறு போகணும்னுதான் எழுதல."

பேனாவைத் திறந்தார், மூடினார். நான் நகரவில்லை.

"இவ பேர எழுதுங்க சார். இவளும் படிப்பா. இல்லன்னா இந்தத் தாள எடுத்துக்கிட்டு நானே ஆபீசுக்குப் போறேன்."

எழுதினார். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மிஸ் பேசியதில் எனக்குப் பெரம்பலூரில் பதினொன்றில் இடம் கிடைத்துவிட்டது. விடுதி மட்டும் நிரம்பிவிட்டதாம். தினமும் பஸ்ஸில் போய்த் தார்ப்பாய்க்கே திரும்ப வேண்டும். அம்மாவிடம் பரவாயில்லை என்றேன். பொய்.